யோக்யகர்த்தாவில் இருந்து ஜெயங்கொண்டம் வரை: ஒரு 'காணவில்லை' புகாரின் கதை

ஊர்ப்பக்கம் தன்பாலீர்ப்பாளர் பற்றிப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அதெல்லாம் சென்னை, பெங்களூர்ல இருக்கும்ங்க, நம்ம பெரம்பலூர்ல ஏது?" இன்னொன்று, "எல்லாம் வெளிநாட்டுக்காரன் கிளப்பி விட்டது." இரண்டாவது பதிலில் கால்பங்கு உண்மை இருக்கிறது. ஆனால் சொல்பவர் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. வெளிநாட்டில் இருந்து நமக்கு முதலில் வந்தது இவர்களைக் குற்றவாளி ஆக்கிய சட்டம். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. அதை உடைக்க உதவிய வாதங்களில் சில பின்னால் வந்தன.

அந்த வாதங்கள் எப்படி வந்தன, வந்தவை அரியலூர், ஜெயங்கொண்டம், பெரம்பலூர் மாதிரி ஊர்களின் காவல் நிலையம் வரை எட்டினவா என்பதைக் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்து வருகிறேன். அந்தக் குறிப்புகளைத் தொகுத்தால் இந்தக் கட்டுரை.

வன்முறை எங்கே தொடங்குகிறது

'வெறுப்பு வன்முறை' என்றதும் பலருக்கும் தெருவில் அடிப்பது, கொலை செய்வது நினைவுக்கு வரும். உலக அளவில் அதிகம் பேசப்பட்ட நிகழ்வுகளும் அப்படிப்பட்டவைதான். 1998 அக்டோபரில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற கல்லூரி மாணவர் அடித்து வேலியில் கட்டிப் போடப்பட்டு, சில நாளில் இறந்தார். அடுத்த மாதமே பாஸ்டனில் ரீட்டா ஹெஸ்டர் என்ற திருநங்கை கொல்லப்பட்டார். அவரை முன்னிட்டு 1999-ல் தொடங்கிய அஞ்சலிதான் இன்று ஆண்டுதோறும் நவம்பர் 20 அன்று பல நாடுகளில் நடக்கும் திருநர் நினைவு நாள். 2011 ஜனவரியில் உகாண்டாவில் டேவிட் கேட்டோ என்ற செயற்பாட்டாளர் வீட்டிலேயே சுத்தியலால் தாக்கிக் கொல்லப்பட்டார். அதற்குச் சில மாதம் முன்புதான் ஒரு பத்திரிகை அவர் படத்தைப் போட்டு, இவர்களைத் தூக்கில் போடு என்று எழுதியிருந்தது.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையானவை உண்டு. 2006-ல் சென்னை வியாசர்பாடியில் காவல் நிலையத் துன்புறுத்தலுக்கு ஆளான ஒரு திருநர் தீக்குளித்து இறந்தார். மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

ஆனால் சிறு ஊர்களில், அதிலும் பெண்கள் விஷயத்தில், வன்முறை பெரும்பாலும் தெருவுக்கு வருவதே இல்லை. வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். போனைப் பிடுங்குவது, படிப்பை நிறுத்துவது, அறையில் பூட்டி வைப்பது, அடிப்பது, மந்திரிப்பது, 'சரி பண்ண' டாக்டரிடம் கூட்டிப் போவது, கடைசியில் அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது. இதில் எதற்கும் எஃப்.ஐ.ஆர். இருக்காது. புகார் கொடுக்க வேண்டியவர்தான் அறைக்குள் இருக்கிறாரே.

அவர் எப்படியோ தப்பி வெளியே வந்தால் அப்போது ஒரு புகார் பதிவாகும். கொடுப்பவர் அப்பா. தலைப்பு: 'பெண்ணைக் காணவில்லை.'

அந்தப் புகார் வேலை செய்யும் விதம்

காணாமல் போனவர்களைத் தேடுவது போலீஸின் கடமை. தேடாவிட்டால்தான் தவறு. அதனால் இந்தப் புகாரில் வெளிப்பார்வைக்குக் குறையே தெரியாது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது பாருங்கள். செல்போன் டவரை வைத்து இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். போலீஸ் ஜீப்பில் சொந்தக்காரர்களும் ஏறி வருகிறார்கள். இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து பிரிக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் நாம் எல்லோரும் நூறு தடவை படித்த அந்த வரி வரும்: 'அறிவுரை கூறி பெற்றோருடன் அனுப்பி வைத்தனர்.'

பதினெட்டு வயது முடிந்த ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராக யாருடனும் 'அனுப்பி வைக்க' சட்டத்தில் இடம் கிடையாது. ஆணும் பெண்ணும் காதலித்து ஓடி வந்தால்கூட கல்யாணச் சான்றிதழைக் காட்டிப் பாதுகாப்பு கேட்கலாம். சாதி மாறியிருந்தால் அதுவே எவ்வளவு ஆபத்து என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பெண்கள் என்றால் காட்ட அந்தச் சான்றிதழும் இல்லை.

பெரம்பலூர் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. போவதென்றால் பஸ் ஸ்டாண்டுதான். அங்கே டீக்கடையில் நிற்கும் நாலு பேரில் ஒருவருக்காவது நம் அப்பாவைத் தெரிந்திருக்கும். அரியலூர் போனால் சென்னைக்கு ரயில் ஏறலாம், அதற்கும் முதலில் அரியலூர் போகணும். பெருநகரத்தின் முகம் தெரியாத கூட்டம் கொடுக்கும் பாதுகாப்பு இங்கே இல்லை. ஆகவே ஸ்டேஷன் என்ன செய்கிறது என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

உலகம் பேசியது

இனி அந்த வாதங்கள் வந்த பாதைக்குப் போவோம்.

ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா மாநிலத்திலும் நம் 377 போலவே ஒரு சட்டம் இருந்தது. நிக் டூனன் என்பவர் அதை எதிர்த்து ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். 1994 மார்ச் 31 அன்று குழு அவருக்குச் சாதகமாகச் சொன்னது: பெரியவர்கள் இருவர் சம்மதத்தோடு தனிமையில் நடப்பதைக் குற்றமாக்குவது அந்தரங்க உரிமைக்கு எதிரானது. ஒரே ஒரு மனுவில் பிறந்த இந்த முடிவு பிறகு பல நாட்டு வழக்குகளில் மேற்கோள் ஆனது.

2006 நவம்பரில் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள யோக்யகர்த்தா நகரில் பல நாட்டு சட்ட அறிஞர்கள் கூடினார்கள். ஏற்கெனவே இருக்கும் மனித உரிமைச் சட்டங்கள் இந்த மக்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று வரிசையாக எழுதினார்கள். உயிர் வாழும் உரிமை, வன்முறையில் இருந்து பாதுகாப்பு, மருத்துவக் கொடுமையில் இருந்து பாதுகாப்பு, குடும்பம் அமைக்கும் உரிமை என்று போகும் அந்தப் பட்டியல்தான் யோக்யகர்த்தா கோட்பாடுகள். ஆயிரம் வருடம் முன்பு ஜெயங்கொண்டம் பக்கத்து கங்கைகொண்ட சோழபுரத்து ராஜேந்திரனின் கப்பற்படை அந்தத் தீவுகளின் பக்கம் போனது. இந்த முறை அங்கிருந்து ஓர் ஆவணம் இந்தப் பக்கம் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அது எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லை. ஆனால் நீதிபதிகள் படித்தார்கள். 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் நாஸ் பவுண்டேஷன் வழக்கில் 377-ஐத் தளர்த்தியபோது, டூனன் வழக்கும் யோக்யகர்த்தாவும் தீர்ப்பில் இடம்பெற்றன. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2014 ஏப்ரல் 15 அன்று திருநர் உரிமை பற்றிய நால்சா தீர்ப்பு வந்தது. அதிலும் யோக்யகர்த்தா கோட்பாடுகள் விரிவாகப் பேசப்பட்டன. கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சம்மதத்தோடு கூடும் பெரியவர்கள் விஷயத்தில் 377 செல்லாது என்று முடித்து வைத்தது.

ஜெனீவாவிலும் இதே காலத்தில் வேலை நடந்தது. 2011 ஜூனில் தென்னாப்பிரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில் நிறைவேற்றியது. 2016 ஜூனில் இந்த வன்முறையைக் கண்காணிக்கத் தனி நிபுணர் பதவி உருவானது. முதலில் அதில் அமர்ந்த தாய்லாந்துக்காரர் விதித் முந்தார்போர்ன், யோக்யகர்த்தா கூட்டத்தின் இணைத் தலைவர்களில் ஒருவர்.

சரி, குற்றம் இல்லை என்றாகிவிட்டது. 'காணவில்லை' புகார் அப்படியேதானே இருக்கிறது?

மதுரையில் இருந்து வந்த இருவர்

அந்தக் கேள்விக்குப் பதில் தமிழ்நாட்டில்தான் வந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், இருபதும் இருபத்திரண்டும் வயது. வீட்டில் எதிர்ப்பு வரவே சென்னைக்கு வந்து ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியோடு தங்கினார்கள். இரண்டு வீட்டாரும் மதுரையில் காணவில்லை புகார் கொடுத்தார்கள். போலீஸ் சென்னைக்கு வந்து அவர்களை விசாரித்தது. பாதுகாப்பு கேட்டு இருவரும் உயர் நீதிமன்றம் போனார்கள். சட்ட வட்டாரத்தில் 'சுஷ்மா வழக்கு' என்று அழைக்கப்படுவது இதுதான்.

நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் செய்ததை நான் படித்த வேறு தீர்ப்புகளில் பார்த்ததில்லை. பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு, இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று உத்தரவிலேயே எழுதி, தானும் அந்த ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். திருநர் உள்ளிட்ட சமூகத்தினரைச் சந்தித்துப் பேசினார். அதன் பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு.

அதில் முக்கியமான வரி போலீஸுக்கு. காணவில்லை என்று புகார் வந்து, விசாரித்ததில் சம்மதத்தோடு இருக்கும் வயது வந்த தன்பாலீர்ப்பாளர்கள் என்று தெரிந்தால், அவர்களிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொல்லையும் கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும். அவ்வளவுதான். 'அறிவுரை கூறி அனுப்பி வைக்கும்' பழக்கத்தின் கழுத்தைப் பிடித்த வரி இது.

'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பதையும் உத்தரவு தடை செய்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது இதே வழக்கின் தொடர்ச்சிதான். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்தது 1990 மே 17. அந்த நாளைத்தான் வெறுப்புக்கு எதிரான உலக நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். நோயே இல்லை என்று உலகம் சொல்லி, மருந்து கொடுக்காதே என்று இந்திய டாக்டருக்கு எழுத்தில் வர முப்பத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

24-சி

நீதிமன்ற உத்தரவு கோப்பில் தூங்கலாம். நடத்தை விதி தூங்காது, ஏனென்றால் அது காவலரின் வேலையோடு கட்டப்பட்டது. நீதிமன்றம் விடாமல் கேட்டதால் 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகள், 1964-ல் 24-சி என்று ஒரு விதியைச் சேர்த்தது. இந்தச் சமூகத்தினரையோ அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையோ எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது. முறைப்படி விசாரிக்கும் அதிகாரம் இதனால் போகாது என்றும் விளக்கம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் யோக்யகர்த்தா ஜெயங்கொண்டத்துக்கு வந்து சேர்கிறது. ஐ.நா. தீர்மானத்தைக் காட்டினால் ஸ்டேஷன் எழுத்தர் சிரிப்பார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்னால், "கோர்ட்ல போய்ச் சொல்லுங்க" என்பார். "நடத்தை விதி 24-சி" என்று எழுதிய மனு எஸ்.பி. அலுவலகத்தில் ரசீதோடு பதிவானால் அது அவர் சர்வீஸ் விஷயம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் சின்னதில்லை: சொல். நம் பேப்பர்களில் 'ஓரினச்சேர்க்கை' என்றே எழுதி வந்தார்கள். உறவு முழுவதையும் படுக்கையாகச் சுருக்கும் சொல் அது. 'விபரீத உறவு' இன்னும் மோசம். 'தன்பாலீர்ப்பு' என்றால் ஈர்ப்பு, மனம். சென்னையில் ஓரினம், குயர் சென்னை க்ரோனிக்கிள்ஸ் போன்ற குழுக்கள் நியூஸ் மினிட் இணைய இதழோடு சேர்ந்து உருவாக்கிய சொல்லகராதியைத் தழுவி, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே சொற்பட்டியல் வெளியிட்டது. எஃப்.ஐ.ஆரில் எந்தச் சொல் விழுகிறதோ அதை வைத்துத்தான் நிருபர் தலைப்பு போடுவார். தலைப்பை வைத்துத்தான் ஊர் பேசும்.

விதி இருந்தும்

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2025-ல் வேலூர் மாவட்டத்தில் இருந்து ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண். தோழியோடு இருந்தவரைப் போலீஸ் பெற்றோரோடு போகச் சொன்னது. வீட்டில் தன்னை அடித்ததாகவும், 'சரியாக' வேண்டும் என்று சடங்குகள் செய்ய வைத்ததாகவும் அவர் நீதிபதிகளிடம் சொன்னார். 24-சி வந்து மூன்று வருடம் ஆன பிறகு இது. நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு மே 22 அன்று அவரைத் தன் விருப்பப்படி போகச் சொன்னது. போலீஸைக் கண்டித்தது. குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்திருந்த சூழலில் இந்த வாக்கியத்துக்குக் கூடுதல் எடை உண்டு.

இடையில், 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றமே இப்படிப்பட்ட மனுக்களுக்கு வழிமுறை வகுத்திருந்தது. பெற்றோர் இல்லாமல் தனியாகக் கேள். நீதிமன்றம் கவுன்சிலிங் என்ற பெயரில் மனதை மாற்றப் பார்க்காதே. கேரளத்து வழக்கு ஒன்றில் வந்தது அது.

பெரம்பலூரில் இருந்தால்

நடைமுறைக்கு வருகிறேன். சட்டம் படித்த நண்பர்களோடு பேசியதில் தெளிவானவை:

முதலில் வயதுச் சான்று. பதினெட்டு முடிந்ததைக் காட்டும் மதிப்பெண் சான்றிதழ் அல்லது ஆதாரின் படம் நம்பகமான ஒருவர் போனில் இருக்கட்டும். வீட்டை விட்டுக் கிளம்புபவரிடம் அசல் பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது, புகார் வருவதற்கு முன் நாம் முந்திக்கொள்வது. 'என் விருப்பத்தில்தான் வந்தேன், யாரும் கடத்தவில்லை, பெற்றோரால் ஆபத்து இருக்கிறது' என்று கையெழுத்திட்ட கடிதத்தை எஸ்.பி.க்கும் ஊர் ஸ்டேஷனுக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். அதில் 2021 ஜூன் 7 உத்தரவையும் 24-சி-யையும் குறிப்பிடலாம்.

மூன்றாவது, ஆள் உள்ளே பூட்டப்பட்டிருந்தால். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தில்தான். பக்கத்தில் இருக்கும் திருச்சி மாவட்டம் மதுரைக் கிளைக்குப் போகும், பெரம்பலூரும் அரியலூரும் சென்னைக்குப் போகும், தூரம் அதிகம். ஆனால் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரை மீட்க, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டோ கோட்டாட்சியரோ தேடுதல் வாரண்ட் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 97-ஆம் பிரிவு, இப்போதைய பி.என்.எஸ்.எஸ்-ஸில் 100. மனுவை நண்பரே கொடுக்கலாம்.

நான்காவது, வக்கீல் செலவு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. எண் 15100. பெண்கள் உதவிக்கு 181. பதினெட்டு வயது நிறையாதவருக்கு 1098.

இவற்றில் எதுவும் ஜீப் வாசலில் வந்து நிற்கும் நேரத்து பயத்தைப் போக்காது. ஆனால் அந்த நேரத்தில் கையில் ஒரு காகிதம் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

கடைசியாக, கூவாகம் பற்றி

"நாங்க ஒண்ணும் வெறுக்கலையே, கூவாகம் திருவிழாவுக்கு நாடே வருதே" என்பார்கள். திருச்சி–சென்னை சாலையில் பெரம்பலூர் தாண்டி உளுந்தூர்பேட்டை வரை போனால் கூத்தாண்டவர் கோயில் பக்கம்தான். சித்திரை பௌர்ணமிக்கு அங்கே திருநங்கைகளுக்குக் கிடைக்கும் மரியாதை உண்மையானது. தமிழ்நாடு 2008-லேயே அவர்களுக்கு நலவாரியம் அமைத்ததும் உண்மை. ஆனால் அந்த மரியாதை திருவிழா முடிந்து ஊர் திரும்பும் பஸ்ஸில் கூடவே வருகிறதா? வாடகை வீடு கேட்கும்போது? இன்னொன்று: திருநங்கைக்குக் கதையிலும் கோயிலிலும் ஓர் இடம் இருக்கிறது. தன் தோழியோடு வாழ நினைக்கும் செந்துறைப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. அவளுக்கு இருப்பது சட்டம் மட்டும்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் அதுவும் இல்லை. இலங்கையின் தண்டனைச் சட்டத்தில் 365, 365-ஏ பிரிவுகள் வழியாக அதே வெள்ளைக்காரச் சட்டம் தங்கிவிட்டது. ஈக்வல் கிரவுண்ட் அமைப்பின் ரோசானா பிளேமர் கல்தேரா ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழுவிடம் போனார். 2022-ல் குழு, பெண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்குவது அவர் உரிமையை மீறுகிறது என்று சொன்னது. முப்பது வருடம் முன்பு டூனன் போன அதே மாதிரி வழி.

பெரிய சபைகளில் ஒருவர் கொடுத்த மனு, இன்னொரு நாட்டில் தீர்ப்பாகி, இன்னொரு ஊரில் விதியாகிறது. இதில் கடைசி சில கிலோமீட்டரை உலகம் வந்து நடந்து கொடுக்காது. ஸ்டேஷனில் அந்தப் பெண்ணோடு போய் நின்று, "வாக்குமூலம் வாங்கிட்டு புகாரை முடிங்க சார், 24-சி இருக்கு" என்று சொல்ல ஓர் அக்காவோ, வாத்தியாரோ, வக்கீலோ வேண்டும். அது நீங்களாக இருந்தால், விதியின் எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.